அறுபதுக்கு மூன்று கலை குறைவு

துணிக்கடையில் மீட்டர், மளிகைக் கடையில் கிலோ, பால்காரரிடம் லிட்டர் என்று நாள்தோறும் அளவுகளோடுதான் வாழ்கிறோம். ஆனால் கோணத்தை விலை கொடுத்து வாங்கியவர் நம்மில் யாரும் இல்லை. பள்ளியில் பாகைமானியை வைத்து முக்கோணம் வரைந்ததோடு கோணத்துக்கும் நமக்கும் உள்ள உறவு தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். இயற்பியல் மாணவனுக்கு மட்டும் அது தீர்வதில்லை. ஆய்வகத்து இருட்டறையில் சோடியம் விளக்கு மஞ்சளாக எரிய, நிறமாலைமானி அவனுக்காகக் காத்திருக்கிறது. அதன் மேடையில் ஒரு முப்பட்டகம். அதன் கோணம் என்ன? அளந்து சொல் என்பது கட்டளை.

"கணிப்பொறி நொடியில் சொல்லிவிடும் விடைக்கு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாங்கள் ஏன் மூன்று மணி நேரம் பாடுபட வேண்டும்?" என்று மாணவர்கள் இப்போது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேள்வி கேட்பவரை அதட்டி உட்கார வைப்பது ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று. அந்தக் கணிப்பொறிக் கருவியை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்த்ததையும், அதற்கு முன் நம் ஆய்வகத்தில் நடந்த ஒன்றையும் சேர்த்து எழுதினால் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

சிறியதிலும் சிறியது

பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. கலையை மீண்டும் அறுபதாகப் பிரித்தால் ஒரு விகலை. ஒரு முழு வட்டத்தில் 12,96,000 விகலைகள் உண்டு. ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஒரு கம்பத்தில், ஒரு கலை என்பது சுமார் 29 சென்டிமீட்டர். ஒரு விகலை என்பது 5 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு துவரம்பருப்பின் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறியதை அளந்து என்ன பயன்? இரட்டைத் தொலைநோக்கிகள் சிலவற்றில் கூரை வடிவ முப்பட்டகம் ஒன்று இருக்கிறது. அதன் கூரைக்கோணம் 90 பாகையிலிருந்து சில விகலைகள் விலகினாலே போதும், பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரியத் தொடங்கும். 1969ஆம் ஆண்டில் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்புப் பலகையில் மூலை வடிவ முப்பட்டகங்கள் 100 உண்டு. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. நிலவின் தொலைவில் ஒரு விகலை என்பது ஏறக்குறைய 1.86 கிலோமீட்டர்! கோணம் பிசகினால் திரும்பும் ஒளி வேறு ஊருக்குப் போய்விடும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய நம் சந்திரயான் 3இன் விக்ரம் கலத்திலும் இத்தகைய முப்பட்டகங்கள் எட்டு, உள்ளங்கையில் அடங்கும் சட்டம் ஒன்றில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில், நிலவைச் சுற்றிவந்த அமெரிக்கக் கலம் ஒன்று அனுப்பிய லேசர் ஒளியை அவை திருப்பி அனுப்பின. யாரோ ஒருவர் பூமியில் உட்கார்ந்து அந்தக் கோணங்களைப் பொறுமையாக அளந்திருக்கிறார் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தஞ்சைக் கோபுரமும் ஒரு கோணமானியும்

கோணம் அளப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. இந்தியப் பெருநிலத்தை முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியை வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று சென்னையில்தான் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை கொண்டது. அதன் கிடைவட்டத்தின் விட்டம் மூன்று அடி. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, பாகைகள் பொறித்த அந்த வட்டம் வளைந்துபோனது. வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். லாம்டனோ கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வார காலம் அதைச் சிறிது சிறிதாக நேராக்கி, மீண்டும் வேலைக்குக் கொண்டுவந்தார். நம் மாணவர்கள் நிறமாலைமானியின் திருகு ஒன்று இறுகிப் போனதற்கே "சார், ஓடலை!" என்று கைவிடும்போதெல்லாம் எனக்கு லாம்டன் நினைவு வரும்.

நமது நிறமாலைமானி

பிற துறை நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறமாலைமானியில் ஒளியை இணைக்கதிராக்கி அனுப்பும் குழாய் ஒன்று, அது இணையாக்கி. பார்ப்பதற்குத் தொலைநோக்கி ஒன்று. நடுவில் சுழலும் மேடை. முப்பட்டகத்தின் விளிம்பை இணையாக்கிக்கு எதிரே வைத்தால், ஒளி இரு பக்கமும் பட்டுப் பிரிந்து எதிரொளிக்கும். இடப்பக்கம் ஒரு பிம்பம், வலப்பக்கம் ஒரு பிம்பம். தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியை இரண்டின் மேலும் மாறி மாறிப் பொருத்தி, இடையிலுள்ள கோணத்தைப் படித்தால் அது முப்பட்டகக் கோணத்தின் இரு மடங்கு. பாதியாக்கினால் விடை.

படிப்பதற்கு இரண்டு வெர்னியர்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று நேரெதிராக, 180 பாகை இடைவெளியில் அமைந்தவை. "ஒன்று போதாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அளவு பொறித்த வட்டத்தின் மையமும், அது சுழலும் அச்சின் மையமும் ஒரே புள்ளியில் அமைவது அரிது. அதனால் ஒரு வெர்னியர் கூடுதலாகக் காட்டும்போது எதிரிலுள்ளது குறைவாகக் காட்டும். சராசரி எடுத்தால் பிழை நீங்கும். நம் கருவியின் மீச்சிற்றளவு ஒரு கலை. அதற்குக் கீழே அது பேசாது.

பதிவேட்டில் வாழும் அறுபது

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பான செய்தி. முப்பட்டகப் பெட்டியின் மேல் 60° என்று அச்சிட்டிருக்கும். பாடநூலின் படத்திலும் அறுபதுதான். ஆகவே மாணவர் பதிவேடுகளிலும் பெரும்பாலும் அறுபதே வரும். கருவியைச் சரியாக மட்டப்படுத்தாதவருக்கும் அறுபது. ஒரு வெர்னியரை மட்டும் படித்து மற்றதை வீட்டில் எழுதியவருக்கும் அறுபது! விடை முதலில் எழுதப்படுகிறது. அளவீடுகள் பின்னால் நடந்து வருகின்றன. இது எந்த ஒரு கல்லூரிக்கும் உரிய வழக்கமன்று. செய்முறைப் பதிவேடு எழுதிய யாரும் மனசாட்சியைத் தொட்டுப் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இருந்தாள். அவள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பெண். விடியற்காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் முதல் மணிக்கு வர முடியும் என்ற ஊர். ஒரு நாள் செய்முறை வகுப்பு முடியும் நேரத்தில் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், நாலு தடவை பார்த்துட்டேன். அம்பத்தொன்பது டிகிரி அம்பத்தேழு மினிட்தான் வருது. எல்லாரும் அறுபதுன்னு எழுதச் சொல்றாங்க."

"நீ என்ன பார்த்தியோ அதை எழுதும்மா."

"பரீட்சையில மார்க் போயிடுமா சார்?"

போகாது என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவள் அளந்த முறையை ஒருமுறை சரிபார்த்தேன். தொலைநோக்கியைத் தொலைவிலுள்ள மரத்தைப் பார்த்துக் குவியப்படுத்தியிருந்தாள். மேடையை ரசமட்டம் வைத்து மட்டப்படுத்தியிருந்தாள். முதல் வெர்னியரில் 119 பாகை 53 கலை; இரண்டாவதில் 119 பாகை 55 கலை. சராசரி 119 பாகை 54 கலை. அதில் பாதி 59 பாகை 57 கலை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

செய்முறைத் தேர்விலும் அவளுக்கு அதே கருவியும் அதே முப்பட்டகமும் வாய்த்தன. அவள் 59 பாகை 57 கலை என்றே எழுதினாள். புறத்தேர்வாளர் அந்த விடையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 60° என்று எழுதி, இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தார். நான் எடுத்துச் சொன்னேன். "மூன்று கலைதானே சார், மாணவர் பிழை" என்றார். நாள் முழுவதும் தாள்களோடு போராடுபவர்; அவரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பதிவேட்டில் அறுபது எழுதிய மற்றவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்ததை அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் என்னை வெகுநாள் உறுத்தியது. இரண்டு மதிப்பெண்ணுக்குமேல் ஏதோ ஒன்று அங்கே பறிபோயிற்று.

மூன்று கலை சிறியதுதானா? கிரௌன் கண்ணாடி முப்பட்டகம் ஒன்றில் கோணத்தை ஒரு கலை கூட்டி எழுதினால், கணக்கிடும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 0.0002 குறையும். மூன்று கலைக்கு 0.0006. கண்ணாடி செய்வோர் தம் பட்டியல்களில் ஒளிவிலகல் எண்ணை ஐந்து தசம இடங்களுக்குக் கொடுக்கிறார்கள். நாம் மூன்று கலையைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தால், நான்காவது தசம இடத்திலேயே பொய் நுழைந்துவிடுகிறது.

கணிப்பொறிக்கு முன்னால்

பின்னர் ஒரு கோடை விடுமுறையில் புத்தொளிப் பயிற்சிக்காக வெளிமாநிலம் சென்றிருந்தேன். பயிற்சியின் ஒரு பகுதியாக ஒளியியல் அளவீட்டுக் கூடம் ஒன்றைக் காட்டுவதாக முன்னரே தெரிந்திருந்தது. துறைத்தலைவரின் இசைவோடு அந்த முப்பட்டகத்தைப் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துச் சென்றேன்.

கூடத்தில் தடித்த கருங்கல் பலகை ஒன்றின் மேல் சுழலும் மேடை. எதிரே, சிறு பீரங்கி போல ஒரு குழாய். அதற்கு ஆட்டோகாலிமேட்டர் என்று பெயர். பக்கத்தில் கணிப்பொறித் திரை. அங்கே பணிபுரிந்த அம்மையார் என் முப்பட்டகத்தை உடனே மேடையில் வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கையுறை அணிந்து, முகங்களைத் துடைத்து, ஓர் ஓரமாக வைத்தார்.

"கையில் பிடித்திருந்தீர்களே சார், அரை மணி நேரம் இருக்கட்டும்" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கண்ணாடி முழுவதும் ஒரே சீராகச் சூடானால், அது எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் விரியும், கோணம் மாறாது. ஆனால் விரல் பட்ட இடம் மட்டும் சூடானால் வடிவம் நெளியும். நொடியில் விடை சொல்லும் கருவிக்கு முன்னால் அரை மணி நேரம் காத்திருந்தோம்!

அந்தக் குழாயின் வேலை எளிமையானது. உள்ளே ஒளிரும் சிலுவைக் குறி ஒன்று. அதன் ஒளி இணைக்கதிராக வெளியே வந்து, முப்பட்டகத்தின் முகத்தில் பட்டு, அதே குழாய்க்குள் திரும்புகிறது. பூச்சற்ற கண்ணாடி நூற்றில் நான்கு பங்கு ஒளியைத்தான் எதிரொளிக்கும், அதுவே போதுமானது. முகம் சற்றே சாய்ந்திருந்தால் திரும்பும் ஒளி அதைப்போல் இரு மடங்கு சாயும். 300 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள குழாயில், ஒரு விகலைச் சாய்வுக்குப் பிம்பம் ஏறக்குறைய 3 மைக்ரான் நகரும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு! நம் கண் இருக்கும் இடத்தில் அங்கே ஒளி உணரும் சில்லு இருக்கிறது. சிலுவையின் கோடு அதன் பல புள்ளிகளின் மேல் பரவி விழும். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று பார்த்து, கோட்டின் நடுமையத்தைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. நாம் குறுக்குக் கம்பியைப் பிம்பத்தின் நடுவே வைக்க முயல்கிறோமே, அதே வேலைதான்.

முதல் முகத்தின் சிலுவை திரையில் நிலைகொண்டது. மேடை மெல்லச் சுழன்றது. இரண்டாம் முகத்தின் சிலுவை வந்து நின்றது. சுழன்ற கோணம் 120 பாகை 3 கலை 12 விகலை. அதை 180 பாகையிலிருந்து கழித்தால் முப்பட்டகக் கோணம். திரையில் எண் தோன்றியது: 59 பாகை 56 கலை 48 விகலை.

சிறிது நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலைப் பேருந்தில் வந்த பெண், ஒரு கலைக்குமேல் நுணுக்கம் பேசாத பழைய நிறமாலைமானியில், 12 விகலை வேறுபாட்டில் உண்மையைத் தொட்டிருந்தாள். இவ்வளவு நெருக்கத்தில் ஓரளவு நல்வாய்ப்பும் உண்டு. அந்தக் கருவி இதற்குமேல் உறுதி தராது. ஆனால் மூன்று கலைக் குறைவு மாணவர் பிழை அன்று, கண்ணாடியின் இயல்பு என்பதில் ஐயமே இல்லை.

அம்மையார் அதோடு நிறுத்தவில்லை. மேடையின் வட்டத்தை முப்பது பாகை தள்ளித் தள்ளி வைத்து, வெவ்வேறு பகுதிகளில் பன்னிரண்டு முறை அதே கோணத்தை அளந்தார். எல்லா அளவுகளும் இரண்டு விகலை எல்லைக்குள் அடங்கின. மேடைக்குள் கோணத்தைப் படிப்பது எது என்று கேட்டேன். நுண்ணிய கோடுகள் பொறித்த கண்ணாடித் தட்டும், அதைப் படிக்கும் மின்தலைகளும் என்றார். எத்தனை தலைகள்? நேரெதிராக இரண்டு! மையப் பிழையை நீக்குவதற்காக. நம் இரண்டு வெர்னியர்களும் பெயர் மாறி அங்கே உட்கார்ந்திருந்தன.

தானே தனக்குச் சாட்சி

அங்கே அறிந்த இன்னொன்று என்னை மிகவும் கவர்ந்தது. கிலோகிராமுக்கு 2019ஆம் ஆண்டு வரை பாரிஸ் அருகே பூட்டி வைத்த உலோக உருளை ஒன்றே மூலமாக இருந்தது. அது மாறினால் உலகத்துக் கிலோவெல்லாம் மாறும். கோணத்துக்கு அப்படி ஒரு மூலப்படி எங்கும் தேவையில்லை. ஒரு வட்டத்தை எத்தனை பகுதிகளாகப் பிரித்து எவ்வளவு பிழையோடு அளந்தாலும், எல்லாம் சேர்ந்து 360 பாகையாகவே இருந்தாக வேண்டும். ஒரு பகுதியில் கூடுதலாகக் காட்டும் வட்டம் இன்னொரு பகுதியில் குறைத்தே காட்ட முடியும். அளவு எங்கெங்கே தவறுகிறது என்பதை வட்டமே காட்டிக் கொடுக்கிறது. பன்னிரண்டு முறை அளந்ததன் பொருள் இதுதான்.

ஊர் திரும்பியதும் அந்த மாணவிக்கு அச்சிட்ட தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினேன். அப்போது அவள் வேறோர் ஊரில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தாள். இரவு பதில் வந்தது: "ரொம்ப நன்றி சார். ஆனா அந்த ரெண்டாவது வெர்னியரை இன்னும் கவனமாப் படிச்சிருக்கலாமோன்னு தோணுது." போன மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. பன்னிரண்டு விகலையைப் பற்றிய கவலை இருந்தது. ஆசிரியராக இருப்பதன் பயன் இத்தகைய இரவுகளில் கிடைக்கிறது.

அந்த எண்ணைப் பெட்டியின் மேல் ஒட்டலாமா என்று துறையில் பேசினோம். ஒட்டினால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டிலிருந்து எல்லாப் பதிவேடுகளிலும் 59 பாகை 57 கலை வந்துவிடும்! அறுபதின் இடத்தில் இன்னொரு அறுபது. ஆகவே பெட்டிகளில் இருந்த 60° என்ற அச்சையும் மறைத்து, வரிசை எண் மட்டும் எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு முப்பட்டகத்தின் கோணமும் வெவ்வேறு. மேலே சொன்ன முப்பட்டகம் எத்தனையாம் எண் என்பதை இந்த மலரில் சொல்வதாக இல்லை.

கேள்விக்கு விடை

மாணவ நண்பர்களே! கணிப்பொறி இருக்கும்போது நாம் ஏன் அளக்க வேண்டும் என்று கேட்டீர்கள். கணிப்பொறிக்குப் பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று தெரியாது. அதுதான் அதன் பெருமை. அது விரும்பும் விடை என்று ஒன்றில்லை. ஆனால் கையின் சூடு ஆறும்வரை காத்திருக்க அதற்குத் தெரியாது. முப்பட்டகத்தின் அடியில் தூசு இருந்தால் தூசோடு சேர்த்தே அளக்கும். பன்னிரண்டு முறை அளக்க வேண்டும் என்று முடிவு செய்தது அது அன்று, எதிரே அமர்ந்திருந்த மனிதர். அந்தப் பன்னிரண்டில் பிடிக்காத மூன்றை ஒரு விசையைத் தட்டி அழித்துவிடவும் அதே மனிதரால் முடியும். பேனாவால் எழுதும் பொய்யை விசைப்பலகையாலும் எழுதலாம். அழகாக அச்சிட்டு வருவதால் அதை நம்புவோரும் அதிகம்.

நாளை உங்களில் சிலர் தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் அத்தகைய கருவிகளுக்கு முன்னால் அமர்வீர்கள். அங்கே வெர்னியர் இராது. பதிவேட்டைத் திருத்த ஆசிரியரும் இரார். உங்கள் அளவை நம்பி யாரோ ஒருவர் தொலைநோக்கி செய்வார், மருத்துவக் கருவி செய்வார், நிலவுக்கு அனுப்பும் கலத்தில் கண்ணாடியைப் பொருத்துவார். கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கம் அன்று திடீரென்று வந்துவிடாது. அது இருட்டறையில், மஞ்சள் விளக்கின் அருகில், நண்பர்கள் அறுபது என்று எழுதச் சொல்லும் நேரத்தில் பழகிக்கொள்ள வேண்டியது. மூன்று மணி நேரம் அதற்கு அதிகமன்று.